வீட்டிலேயேதான் இருந்தான், ஆனாலும் நான் கவனிக்கவில்லை

கரூரில் கொசுவலை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டதால், ஊரடங்குக் காலத்தில் என் மகனின் படிப்பைப் பற்றி நான் எடுத்த தவறான முடிவுகளுக்கு எவ்வளவு செலவானது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும்: 72,550 ரூபாய். கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது, 2021 நவம்பர் வரை அவரால் ஊருக்கு வர முடியவில்லை. எந்த முடிவையும் யாரிடமும் கலந்து பேச வழியில்லாமல் நானே எடுத்தேன். சென்ற மாதம் என் நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, பத்தாம் வகுப்புக்குப் போகும் தன் மகளுக்கு டேப்லெட்டோடு ஒரு பாடத் தொகுப்பு வாங்கப்போவதாகவும், வீட்டுக்கு வந்த விற்பனையாளர் மிகவும் அன்பாகப் பேசியதாகவும் சொன்னார். நாத்தனாரிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

2020 ஜூனில் மகன் பத்தாம் வகுப்பு. தனியார் பள்ளி. கைப்பேசியில் வகுப்பு என்றதும் 11,500 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலை எட்டரைக்குத் தொடங்கினால் மதியம் ஒன்றரை வரை வகுப்பு, மாலையில் வாட்ஸ்அப் குழுவில் வரும் குறிப்புகளைப் பார்த்து எழுதும் வேலை. பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான், கதவு திறந்திருக்கிறது, ஆசிரியர் குரலும் கேட்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு வகுப்புகளுக்கு மேல் நடத்தக் கூடாது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அந்த ஜூலையிலேயே 'பிரக்யாதா' என்ற வழிகாட்டுதலில் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து மணி நேரம் திரையைப் பார்த்தவனை, மாலையில் மீண்டும் திரையைப் பார்க்காததற்காகத் திட்டாமலாவது இருந்திருப்பேன். கட்டணத்திலும் இதே கதைதான். தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதக் கட்டணத்தை ஆகஸ்ட் 31-க்குள் வாங்கிக்கொள்ளலாம், பள்ளி திறந்த பிறகு 35 சதவீதம் வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் உத்தரவிட்டிருந்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்ததும் நகையை அடகு வைத்து மொத்தத்தையும் கட்டினேன். பள்ளியிலிருந்து பணத்துக்கோ சேர்க்கைக்கோ அழைப்பு வந்தால், அன்றே பதில் சொல்லாமல் அந்த வார நாளிதழைப் புரட்டிப் பாருங்கள். அவ்வளவு முக்கியமான செய்தியெல்லாம் நாளிதழில்தான் வந்துகொண்டிருந்தது. நான்தான் அந்த ஆண்டு செலவைக் குறைப்பதாக நினைத்து நாளிதழை நிறுத்தியிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த டேப்லெட் வந்தது. இணையவழியில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்து, மகனுக்குப் பத்துக் கேள்விகள் கொடுத்து, அவற்றில் ஆறு தவறு என்று காட்டி, 'இப்பவே பிடிக்கலைன்னா நீட் பக்கமே போக முடியாதுங்க மேடம்' என்றார். முன்பணம் 3,000 ரூபாய், பிறகு 24 மாதங்களுக்கு மாதம் 1,800 ரூபாய். நாள் முழுக்கக் கணக்குப் பார்ப்பவள் நான், அந்த விண்ணப்பத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மகன் மூன்று மாதம் பார்த்தான், பிறகு பார்க்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று அழைத்தபோதுதான் விளங்கியது, நான் அந்த நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் செலுத்தவில்லை. எனக்காக ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் அவர்களிடம் கட்டிவிட்டது, நான் கட்டிக்கொண்டிருந்தது கடன் தவணை. பாடம் பிடிக்கவில்லை என்பது கடன் கொடுத்தவருக்கு ஒரு காரணமே இல்லை. தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் குறையும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் தடையாக நிற்கும். வாங்கிய முதல் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யச் சொல்லியிருந்தால் பணம் திரும்பக் கிடைத்திருக்கும் என்பது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. 46,200 ரூபாய் முழுவதும் போனது. ஆகவே, யாராவது மாதத் தவணை என்று சொன்னால், 'கடன் யார் பெயரில், கொடுப்பது யார், ரத்து செய்ய எத்தனை நாள்' என்ற மூன்றையும் அவர் வாயால் சொல்லச் சொல்லாமல், தாளில் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே நேரத்தில் கல்வித் தொலைக்காட்சியில் பத்தாம் வகுப்புப் பாடங்கள் இலவசமாக வந்துகொண்டிருந்தன. அவை யூடியூபிலும் கிடைத்தன. இலவசம் என்பதாலேயே நான் அதை மதிக்கவில்லை. பிற்பாடு யோசித்தபோது, அதற்கு ஒரு பெரிய நன்மை இருந்தது புரிந்தது: தொலைக்காட்சியில் வாட்ஸ்அப் வராது, விளையாட்டு வராது, திரையும் கண்ணிலிருந்து ஆறடி தள்ளி இருக்கும். விளையாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிள்ளைகளோ இன்னொரு துப்பாக்கி விளையாட்டுக்கு மாறியிருந்தார்கள். டிசம்பரில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது 50, 80, 250 என்று சிறுசிறு தொகைகளாக 3,350 ரூபாய் போயிருந்தது. கைப்பேசியில் என் பணப் பரிமாற்றச் செயலி இருந்தது, ரகசிய எண் அவன் பிறந்த ஆண்டு. அடித்தேன். அடித்ததற்கு இன்றும் வருந்துகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டான். பிள்ளை கையில் இருக்கும் கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலி எதுவும் இருக்கக் கூடாது என்பது, அடி கொடுப்பதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். இரண்டாவது வாரம் தமிழாசிரியை என்னை வரச்சொன்னார். அவன் எழுதிய தேர்வுத் தாளைக் காட்டினார். முதல் பக்கம் சுமாராக இருந்தது, இரண்டாம் பக்கத்தில் எழுத்து சரிந்து கோணலாகியிருந்தது, மூன்றாம் பக்கத்தில் 'நெடுவினா' என்று தலைப்பு மட்டும் இருந்தது. 'தெரியாம விடலைங்க, கை வலிக்குதுன்னு வச்சிட்டான். இவன் மட்டும் இல்லை, பாதி வகுப்பு இப்படித்தான்' என்றார் ஆசிரியை. அன்று இரவு, விரிவானப் பகுதியிலிருந்து ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் கதைப் புத்தகத்தை ஒரே இரவில் முடித்தவன் அவன். இப்போது விரலை வரியின் மேல் வைத்தான், நான்காவது வரியிலிருந்து ஆறாவது வரிக்குத் தாவினான், தாவியது அவனுக்கே தெரியவில்லை. 'தன்னலமற்ற' என்பதை மூன்று முறை தொடங்கினான். பக்கம் முடிந்ததும் என்ன படித்தாய் என்று கேட்டேன். 'படிக்கும்போது புரியுதும்மா, அடுத்த வரிக்குப் போனா முந்தின வரி போயிடுது' என்றான். எட்டு மாதமாக அவன் படித்ததெல்லாம், யாரோ எழுதிய குறிப்பின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாகத் தள்ளி, பார்த்து எழுதியதுதான். அதற்கு முன் தினமும் 'படிச்சியா?' என்று கேட்டிருக்கிறேன். 'ம்' என்று பதில் வந்திருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மேல்நிலை வகுப்புக்குப் போகும் பிள்ளை என்று பாராமல், வாரம் ஒரு முறையாவது ஒரு பக்கத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலுக்கு முன்பே அந்தப் பக்கம் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வாசிப்பை மீட்டது பாடப்புத்தகம் இல்லை, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன். அந்த ஜனவரியில்தான் அவர் பிரிஸ்பேனில் தன் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியிருந்தார், ஊர் திரும்பியவரைச் சாரட்டு வண்டியில் வைத்து அழைத்துப் போனார்கள். நாளிதழை மறுபடியும் வாங்கத் தொடங்கியிருந்தேன். நம் பக்கத்துப் பையன் என்பதால் நடராஜனைப் பற்றிய செய்தியை மகன் தானாகவே எடுத்தான். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, 'எனக்குக் கண்ணாடி எங்கேன்னு தெரியலை, நீ படி கண்ணு' என்றேன். கண்ணாடி என் இடுப்பில்தான் இருந்தது. முதலில் பத்து நிமிடம், பிறகு கால் மணி நேரம், விளையாட்டுப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல மாவட்டச் செய்தி, அங்கிருந்து நடுப்பக்கக் கட்டுரை. கிளை நூலகத்திலிருந்து அவனே எடுத்துவந்த துப்பறியும் கதைகளைக் குறை சொல்லாமல் விட்டேன். 'இதையெல்லாம் படிக்கிற நேரத்துக்குப் பாடத்தைப் படிக்கலாமே' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து பல முறை திரும்பிப்போயிருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு வேறு முறை வைத்தோம். ஒரு பத்தியைப் படிப்பது, புத்தகத்தை மூடுவது, என்ன இருந்தது என்று தன் சொல்லில் மூன்று வரி எழுதுவது. கைக்கும் இதிலேயே பயிற்சி ஆனது: முதல் வாரம் கடிகாரம் வைத்து 20 நிமிடம், அடுத்த வாரம் 30, பிறகு 45. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எழுதுவதற்கு ஏப்ரல் ஆனது. புத்தகம் கையில் இல்லாத பாடங்களைக் கைப்பேசியில் படிக்க விடாமல், பக்கத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்து அச்செடுத்தேன். 260 ரூபாய் செலவு. அந்த இரண்டு ஆண்டுகளில் பயன்பட்ட செலவு என்று நான் எழுதி வைத்திருப்பதில் இதுதான் முதலில் வரும்.

பிப்ரவரி 25-ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். இவன் அமைதியாக இருந்தான். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். மார்ச்சில் பள்ளியை மறுபடியும் மூடினார்கள். மே மாதம், இரண்டாம் அலையில், என் அப்பா போனார். சிறு வயதில் இவனைத் தன் டிவிஎஸ் 50-இல் முன்னால் நிற்க வைத்து அமராவதிக் கரைக்குக் கூட்டிப்போனவர். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை, வீடியோ அழைப்பில் மூட்டையாகக் கட்டியதைப் பார்த்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் இவன் அழவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. பகல் பன்னிரண்டு வரை தூங்கினான், இரவு மூன்று வரை விழித்திருந்தான், இரண்டு இட்லியில் எழுந்தான், குளிக்கச் சொன்னால் நாளைக்கு என்றான். ஜூன் முதல் வாரத்தில் ஒரு இரவு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, 'பரீட்சையும் இல்லை, ஸ்கூலும் இல்லை, நான் இருந்தா என்ன இல்லாட்டி என்னம்மா' என்றான். 'உனக்கு என்னடா குறை, அப்பா அங்கே வெயில்ல கிடக்கிறார்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன நொடியே அவன் முகம் மூடிக்கொண்டது.

இரவு பதினொன்றுக்கு 104-ஐ அழைத்தேன். அரசின் மருத்துவ உதவி எண் என்பதால் காய்ச்சலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மனநல ஆலோசகரும் பேசுவார்கள். அந்தப் பெண்மணி பதற்றமில்லாமல் பேசினார். 'சாகணும்னு எண்ணம் வருதான்னு நேரடியா, மெதுவா கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது, கேட்க ஒருத்தர் இருக்காங்கன்னுதான் தெரியும்' என்றார். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டச் சொன்னார், அன்றிரவு அவனைத் தனியே படுக்க விட வேண்டாம் என்றார். கேட்டேன். 'சில சமயம்' என்றான். எனக்குக் கை நடுங்கியது, ஆனால் அவர் சொன்னபடி மறுவார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவனே தாத்தாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். மறுநாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். நான்கு முறை போய்வந்தோம், கட்டணம் ஏதும் இல்லை. மருத்துவர் சொன்னவற்றில் முதலில் பலன் தந்தது தூக்கம்தான். இரவு பத்து மணிக்குக் கைப்பேசி, என்னுடையதும் சேர்த்து, சமையலறை அலமாரிக்குப் போகும். காலை ஆறரைக்கு அவனும் நானும் மொட்டை மாடியில் நடப்போம். என்னுடையதும் சேர்த்து என்பதால்தான் அவன் ஒத்துக்கொண்டான். அதன் பிறகு வந்த, 'டெலி மானஸ்' என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்; 18 வயதுக்குள் உள்ள பிள்ளை எந்த நெருக்கடிக்கும் 1098-ஐத் தானே அழைக்கலாம். இந்த எண்களைப் பிள்ளையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும், பதினொன்றாம் வகுப்புப் பிரிவு விஷயத்தில் நான் திருந்தவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அந்த ஆண்டு மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்பது மட்டுமே இருந்தது. மதிப்பெண் இல்லாததால் எவரையும் தடுக்க ஒன்றுமில்லை. எல்லாப் பெற்றோரும் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் பிரிவையே கேட்டோம். மகன் வணிகவியல் என்று ஒரு முறை சொன்னான். ஊரடங்கில் நான் வீட்டில் உட்கார்ந்து வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை அருகிலிருந்து பார்த்தவன், சில நாட்கள் விடுபட்ட காசோலையை எனக்கு முன்பே கண்டுபிடித்தவன். 'கணக்குப்பிள்ளை வேலைக்கு நான் ஒருத்தி போதும்' என்று முதல் பிரிவில் சேர்த்து, முதல் பருவக் கட்டணமாக 32,000 ரூபாய் கட்டினேன். செப்டம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. அக்டோபருக்குள் இயற்பியல் தாளை மடித்துப் பையின் அடியில் வைக்கத் தொடங்கினான். இந்த முறை தாளைத் தேடி எடுத்தேன், திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் புத்தகத்திலும், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கிய கணக்குப்பதிவியல் புத்தகத்திலும் முதல் இரண்டு பாடங்களைப் படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவதைப் படிக்கும்போது அவன் விரல் வரியின் மேல் இல்லை. எனக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பிரிவில் சேர்த்தோம். பழைய பள்ளி 9,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தது, 23,000 போனது. அப்போது பதினொன்றாம் வகுப்புக்கும் இருந்த பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் வந்ததால் மாற்றம் எளிதாக முடிந்தது என்றார் தலைமையாசிரியர். ஆகவே பிரிவு பொருந்தவில்லை என்று தெரிந்தால் அரையாண்டுத் தேர்வு வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் பலர் ஏமாறுகிறார்கள். 'பதினொன்றாம் வகுப்பு அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்துவிடும், முதல் பிரிவிலேயே விடுங்கள்' என்று எங்கள் தெருவில் ஒருவர் அடித்துச் சொன்னார். அந்த ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் போயிருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் கேட்டுத் தெளிவு பெறுங்கள், தெருவில் கேட்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தாலும் பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதலாம், பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போய் அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதெல்லாம் நான் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டவை. முன்பே தெரிந்திருந்தால், ஒரு பிரிவைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்று அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

2023 மே 8-ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. மதிப்பெண்ணை எழுதப்போவதில்லை, மகனுக்குப் பிடிக்காது. கணக்குப்பதிவியலில்தான் அதிகம் என்பதை மட்டும் சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறான். பி.காம். சேர்ந்தான். டேப்லெட்டின் கடைசித் தவணை 2022 நவம்பரில் முடிந்தது. அது இப்போது மாமியாரிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கந்த சஷ்டி கவசம் போட்டுக் கேட்கிறார், இவ்வளவு நல்ல சத்தம் வருகிற பெட்டி என்ன விலை என்று போன வாரமும் கேட்டார்.